சட்டைக் கையின் உள்பக்கம்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்வாளே என்ற பயமெல்லாம் கிடையாது. தாளை வாங்கி, தன் பெயர் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக விழுந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பாள். அப்புறம் ரெண்டு விரல்கடை மேலே தள்ளி எழுதியிருக்கலாம் என்பாள். அதைத் தாங்கும் பொறுமை எனக்கு இல்லை. நாலு வருஷம் தாங்கியது போதும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டீ-ஷர்ட் அச்சடிக்கும் கடை. நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள், அவள் அதைச் சட்டையில் ஏற்றுகிறவள். டிசைன் ஒரு ஃபிலிமில் அச்சாகி வரும். அதைத் துணிமேல் வைத்து, சூடான தட்டை இறக்கி, பதினைந்து எண்ணி எடுத்தால் படம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். நெஞ்சிலும் முதுகிலும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சட்டைக் கைதான் சள்ளை பிடித்த இடம். சின்னது, வளைந்தது, போட்டவர் அசைந்தால் கூடவே அசைவது.

அவள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். திற்பரப்புப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவாள். நான் வயலும் வாய்க்காலுமாக இருக்கிற நாஞ்சிநாட்டு ஊர்க்காரி. அவள் பேசுவது பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். நாஞ்சிநாட்டுக்காரிகளுக்கு வாயைத் திறந்தாலே சண்டைதான் வருகிறது என்று அவள் சொல்வாள். ரெண்டுமே உண்மை.

கடையில் நான் அவளுக்கு ஆறு மாசம் சீனியர். அவள் சேர்ந்த முதல் நாளே அந்த சீனியாரிட்டியில் மண் விழுந்தது. ஒரு லாரி செட்டுக்காரர்களின் ஆர்டர் தயாராக இருந்தது. சட்டைக் கையில் மூன்று அங்குலத்துக்கு அவர்கள் சின்னம். நான் அளந்து, கோடு போட்டு, இந்த இடத்தில் ஒட்டு என்று கொடுத்தேன். அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"இது ஆரு போடப் போறது?"

லாரி ஓட்டுகிறவர்கள் என்றேன். அவள் அந்தச் சட்டையை என் சுடிதாருக்கு மேலேயே மாட்டிவிட்டாள். கையைத் தொங்கப்போடச் சொன்னாள். பிறகு ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி நீட்டச் சொன்னாள். நான் போட்ட சாக் கோடு நேரே என் நெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மேசையில் பரப்பினால் சட்டைக் கை ஒரு தட்டைத் துண்டு, அதன் நடுவை அளந்து ஒட்டுவதுதான் நியாயம் என்று நான் நினைத்திருந்தேன். மடிப்பு விழுகிற மேல் ஓரம்தான் போட்டுக்கொண்டபோது தோளுக்கு நேரே வெளியே வரும் என்பது ஆறு மாசமாக எனக்குத் தெரியாது. அந்த ஆறு மாசத்தில் எத்தனை ஊர்க்காரர்கள் தங்கள் சின்னத்தை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் இதே கேள்வி. ஆரு போடப் போறது, அந்தக் கை என்ன வேலை செய்யும். இது தெரியாமல் தட்டை இறக்கமாட்டாள். முதலாளி அண்ணன் குழித்துறைக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர். "சட்டைய அடிச்சுக் குடு, ஜாதகம் பாக்காத" என்பார். அவள் சிரிப்பாள். வேலை மட்டும் அவள் சொன்ன மாதிரிதான் நடக்கும்.

கல்யாண வீடுகளில் பந்தி விளம்புகிறவர்களுக்கு ஒரு ஆர்டர் வந்தது. ரெண்டு கையிலும் வெளிப்பக்கம் சமையல்காரர் பெயர் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் தண்ணீர் வாளியை என் இடது கையில் கொடுத்து, வலது கையில் ஸ்கேலை அகப்பையாகப் பிடிக்க வைத்து, தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

விளம்பச் சொன்னாள். கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். நான் குனிந்து சாம்பார் ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன், மானம் போயிற்று. அவள் கீழேயிருந்து பார்த்து, சாப்பிடுகிறவர் கண்ணுக்கு வலது கையின் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது என்று கண்டுபிடித்தாள். வலது கையில் மட்டும், முன்பக்கமாகத் தள்ளி, ஓரத்தை ஒட்டி ஒட்டினாள். அந்தச் சமையல்காரர் அடுத்த தடவையும் வந்தார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பெயரைப் படித்துவிட்டு போன் நம்பர் கேட்கிறார்களாம். அவளிடம் சொன்னேன். இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி பார்த்தாள்.

பஸ்ஸில் அவளோடு போவது இன்னும் கஷ்டம். கம்பியைப் பிடித்து நிற்கிற ஒவ்வொருவர் கையையும் வெறித்துப் பார்ப்பாள். ஒருநாள் கண்டக்டரிடம், அண்ணே, அந்தக் கையைக் கொஞ்சம் தூக்குங்க என்று கேட்டுவிட்டாள். அவர் என்ன நினைத்தாரோ, தூக்கினார். இவள் விரலால் காற்றில் அளந்துவிட்டு, செரி, போட்டும் என்றாள். எனக்கு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்புச் சட்டை அடித்தபோதுதான் பெரிய சண்டை. நாலு வயதுப் பிள்ளை முதல் பதினைந்து வயது வரை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஃபிலிம் போதும் என்று அண்ணன் சொன்னார். அவள் ஐந்து அளவு கேட்டாள். நான் டிசைனை ஐந்து தடவை மாற்றவேண்டும், எனக்கும் எரிச்சல். யாரும்மா பிள்ளைகளின் சட்டைக் கையைப் பார்க்கப்போகிறார்கள் என்று அண்ணன் கேட்டார்.

"அந்தப் பிள்ள பாக்கும். குனிஞ்சு பாத்தா முழுசாத் தெரியணும்" என்றாள்.

அண்ணன் கல்லாப் பக்கம் போய்விட்டார். நான் ஐந்து அளவு போட்டுக் கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டேதான். அன்று அவள் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையில் ஒவ்வொரு அளவையும் வெட்டி, பால்பாயிண்ட் பேனாவால் யாருக்கு என்று எழுதி, ஓட்டை போட்டுச் சுவரில் ஆணியில் மாட்டினாள். நாளாக ஆக அந்த ஆணியில் அட்டை நிறைந்தது. கொத்தனார், நர்ஸ், தவில்காரர், மீன் ஏலம் போடுகிறவர் என்று அத்தனை பேரின் கையும் அந்தச் சுவரில் தொங்கியது.

அவளுடைய பிடிவாதம் எனக்கு எப்போதும் இனித்தது என்று சொன்னால் அது பொய். கை அளவு பார்க்காமல் அடிக்கமாட்டேன் என்று அவள் நின்றதால் ஒரு ஆர்டர் ரெண்டு நாள் பிந்தியது. திட்டு வாங்கியது நான்தான். நீ என்ன டாக்டரா, எல்லார் கையையும் பிடித்துப் பார்க்க என்று கத்தினேன். "டாக்டரு நோவு வந்த பெறகுதான் பாப்பாரு" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் கோபத்தில் ரெண்டு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் மட்டும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் மரச்சீனிக் கிழங்கை என் பக்கமாக நகர்த்தி வைப்பாள். நான் தின்பேன், பேசமாட்டேன்.

இனி அந்த வடம் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஓணத்தை ஒட்டி மேற்குப் பக்கம் கிளப்புகள் வடம் இழுக்கும் போட்டி நடத்தும். அவள் ஊர்க் கிளப்பும் நடத்தும். பெண்களுக்கும் ஒரு போட்டி உண்டு. அவள் தங்கை ரப்பர் பால் வெட்டுகிறவள், அவள்தான் உள்ளூர்ப் பெண்கள் டீமுக்குக் கேப்டன். ஏழு பேர், எல்லாரும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். ரெண்டு வருஷமாக ஒரு இழுப்புகூட ஜெயிக்கவில்லை. ஆளுக்கொரு சுடிதார், நைட்டிமேல் துண்டு என்று வந்து நின்றதைப் பார்த்து ஆண்கள் சிரித்தார்கள். கமிட்டி இந்த வருஷம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மூன்று இழுப்பில் ஒன்றாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஓணத்துக்குப் பெண்கள் போட்டி கிடையாது, அந்த நேரத்தில் வேறு ஏதாவது வைத்துக்கொள்வார்கள்.

தங்கை மறுபடி மறுபடி சொன்னது ஒன்றுதான். ஜெயிக்கிறோமோ இல்லையோ, டீம் மாதிரி நிற்கவேண்டும். ஏழு ஜெர்சி வேண்டும். நெஞ்சில் டீம் பெயர், ரெண்டு கையிலும் ரப்பர் இலை.

அக்காக்காரி தோட்டத்துக்கே போய் ஏழு பேர் கையையும் அளந்து வந்தாள். அட்டை வெட்டி, மூன்றேகால் அங்குலம் என்று எழுதி ஆணியில் மாட்டினாள். எந்த இடம் என்று எழுதவில்லை. தானே ஒட்டப்போகிறோம் என்ற நினைப்பு. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் அடித்துக் கொடுக்கிறேன், நீ தூங்கு என்று போனில் சொன்னேன். அவள் இருமலுக்கு நடுவே ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்டுக்கொள்ளாமல் வைத்துவிட்டேன். எனக்கும் ஒரு தடவை அவளைப்போலச் செய்துகாட்ட வேண்டும் என்ற ஆங்காரம்.

இந்தக் கை என்ன வேலை செய்யும் என்று நானும் யோசித்தேன், சத்தியமாக யோசித்தேன். ஜெயித்ததும் ஏழு பேரும் ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்குவார்கள், அப்போது பதினான்கு இலையும் கூட்டத்துக்குத் தெரியவேண்டும். அப்படியென்றால் எங்கே ஒட்டவேண்டும்? கையின் உள்பக்கம், அக்குளுக்குக் கீழே வருகிற தையலை ஒட்டி. ஒட்டினேன். ஒன்றை நானே போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் கையைத் தூக்கிப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. மூட்டை கட்டி, வடசேரியில் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, எனக்கு நானே ஒரு பழ ஜூஸ் வாங்கிக் குடித்தேன்.

இழுப்பதை நான் யோசிக்கவே இல்லை.

போட்டி அன்று மத்தியானம் நானும் போனேன், நான் அடித்த சட்டையைப் பார்க்கத்தான். ஏழு பேரும் பச்சை ஜெர்சியில் வரிசையாக நின்றதும் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. அப்படி ஒரு நிமிர்வு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எதிர் டீம் மாநில எல்லைக்கு அந்தப்பக்கத்துக்காரிகள், மூன்று வருஷமாக ஜெயிக்கிறவர்கள். விசில் ஊதியது.

வடத்தைக் கையால் மட்டும் பிடிப்பதில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். விலாவுக்கும் மேல்கைக்கும் நடுவே அணைத்து, அந்தக் கையால் இறுக்கிக்கொண்டு பின்னால் சாய்கிறார்கள். நான் ஒட்டிய இலைமேல் நேராக வடம். வியர்வை பட்ட ஃபிலிம் வழுக்காமல் என்ன செய்யும்? வடம் ஏழு பேரின் அக்குளுக்குள்ளும் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் இழுப்பு, எண்ணி எட்டு நொடி இருக்காது. ஏழு பேரும் முன்னால் குப்புற விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

அப்போது அவள் வந்தாள். காய்ச்சல் விட்டும் விடாமலும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தங்கையின் கையைத் தூக்கி உள்பக்கத்தைப் பார்த்தாள். பெருவிரலால் இலையைத் தடவினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு இழுக்கலாம் என்றாள் ஒருத்தி. வெறும் தோலில் வடம் பட்டால் உரிந்துபோகும் என்று அவள் மறுத்தாள். பழைய நைட்டியை எடுத்துவர நேரமில்லை. அடுத்த இழுப்புக்கு மூன்று நிமிஷம் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். அவள் மைதானத்து ஓரத்தில் கட்டியிருந்த கிளப்பின் பெரிய ஃபிளெக்ஸ் பேனரை அவிழ்த்தாள். தலைவர் முதல் பொருளாளர் வரை அத்தனை பேர் முகமும் போட்ட பேனர். ஒரு முனையை என் கையில் திணித்தாள்.

"பிடி. விட்டிராத. ஏட்டி, எல்லாரும் உள்ள வாங்க. சட்டையக் கழத்தி மறிச்சுப் போடுங்க."

உட்புறம் வெளியே வருகிற மாதிரி. தங்கை ஜெர்சியின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பேரு தெரியாதே. எலையும் தெரியாதே. டீம்னு எவன் சொல்லுவான்?"

"வடத்த இழு மக்கா. அப்பம் சொல்லுவானுவ."

பேனருக்குப் பின்னால் ஏழு பேரும் மாற்றினார்கள். ஆண்கள் பக்கமிருந்து கூச்சல், விசில், என்னென்னவோ. அவள் ஒரு முனையில், நான் மறு முனையில். நான் முனையை விடவில்லை. சட்டைக் கை எந்த இடத்தில் எப்படித் தெரியவேண்டும் என்பதற்காக நாலு வருஷம் என் உயிரை வாங்கியவள், அன்று பதினான்கு இலையையும் ஏழு நெஞ்சிலிருந்த டீம் பெயரையும் ஒரு நிமிஷத்தில் இல்லாமல் ஆக்கினாள். முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை.

தையலும் நூல் பிசிறும் வெளியே தெரிய, வெளிறிய பச்சையில் ஏழு பேர் மறுபடி நின்றார்கள். கூட்டம் மறுபடி சிரித்தது. விசில் ஊதியது. இந்தத் தடவை வடம் வழுக்கவில்லை. துணி கடித்துப் பிடித்தது. ரெண்டு பக்கமும் அசையாமல் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. தங்கை கடைசி ஆளாகக் குதிகாலை மண்ணில் புதைத்துக்கொண்டு ஒரு சத்தம் கொடுத்தாள். ஒரு அடி பின்னால் வந்தது. இன்னொரு அடி. கோட்டைத் தாண்டி எதிர் டீமின் முதல் ஆள் வந்து விழுந்தாள்.

ஒரு இழுப்பு போதும் என்றுதானே கமிட்டி சொன்னது. அடுத்த ஓணத்துக்கும் பெண்கள் போட்டி உண்டு என்று செயலாளர் அங்கேயே மைக்கில் அறிவிக்க வேண்டியதாயிற்று. சிரித்தவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

மூன்றாவது இழுப்பில் தோற்றார்கள். அதற்கும் நான்தான் காரணம். சட்டையை மறித்துப் போட்டதால் ஃபிலிம் உள்ளே தோலில் உரசியது, வடம் வெளியிலிருந்து அழுத்தியது. பாதியில் ரெண்டு பேரால் கையை இறுக்க முடியவில்லை. கப்பு அந்தப்பக்கத்துக்காரிகளுக்கு.

எல்லாம் முடிந்து மைதானத்தை ஒட்டிய ஸ்கூல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை கையைத் தூக்கித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மேல்கையின் உள்பக்கம் தோல் சிவந்து, வரி வரியாக, அசல் ஒரு ரப்பர் இலை. நரம்புகூடத் தெரிந்தது. ஏழு பேருக்கும் அப்படித்தான். நான் போட்ட டிசைன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கும், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அவள் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு தங்கை பக்கத்தில் குத்தவைத்தாள். அந்தச் சிவந்த இலைமேல் விரலை வைத்து அளந்தாள், பஸ்ஸில் அளப்பதுபோல, நிதானமாக.

"அளவு செரியாத்தான் போட்டிருக்கா" என்றாள். "மூணேகால். மயிரிழ கூடல, கொறையல."

முதலில் சிரித்தது தங்கைதான். பிறகு ஏழு பேரும். நான் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்துபோய், மைதானத்தில் கிடந்த வடத்தின் நுனியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். கனம்.

"அடுத்த ஓணத்துக்கும் நீதான் அடிக்கணும். அதுக்கு முன்ன ஒருக்கா இத இழுத்துப் பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை என்பது நாலு வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை என்னைத் திற்பரப்புக்கு வரவைத்தாள். தோட்டத்துச் சரிவில் ஏழு பேருக்கு நடுவே நிறுத்தி இழுக்க வைத்தாள். எட்டாவது ஆளாக அந்த வடத்தை அணைத்தபோது அது எங்கே உரசும், எங்கே தொடாது என்று என் தோலுக்கே தெரிந்துவிட்டது.

இதை எழுதும்போது நான் போட்டிருக்கிற சட்டையில் இலை தோளுக்கு நாலு விரல் கீழே, வடம் தொடாத வெளிப்பக்கம் இருக்கிறது. அடுத்த ஓணத்துக்கு நான் அடித்தது. எட்டு சட்டை. எட்டாவது என்னுடையது.